அழகப்பன் 'கப்பன்' ஆன கதை: ஆவணத்தில் எழுதியிருந்தும் ஏன் கண்ணில் படவில்லை?

புள்ளிக்கணக்கு (காரைக்குடி):

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். எங்கள் பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் போடும் படைப்புக்கு அழைப்பு அனுப்ப வேண்டும், நானூற்றுச் சொச்சம் புள்ளி, அதாவது குடும்பம். பட்டியல் எக்செல்லில் இருந்தது. ஒரு பத்தியில் இனிஷியல், அடுத்த பத்தியில் இனிஷியலோடு சேர்ந்த முழுப்பெயர். பெயர் வரிசைப்படி அடுக்குவதற்கு இனிஷியலைக் கழற்றிவிட்டு, உறையில் ஒட்டும் லேபிளில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று பைத்தானில் பத்து வரி எழுதினேன். முழுப்பெயர் மேல் எல்ஸ்ட்ரிப் (ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முன்னாலிருந்து கொடுத்ததை நீக்குகிற ஃபங்ஷன்), அடைப்புக்குள் இனிஷியல், அவ்வளவுதான். முதல் முப்பது பெயரைப் பார்த்தேன். சுப.வயிரவன் அழகாக வயிரவன் ஆனது, பெரி.சொக்கலிங்கம் சொக்கலிங்கம் ஆனது. அச்சடித்து, ஒட்டி, தபாலிலும் பாதியைப் போட்டாயிற்று.

ஒரு வாரம் கழித்து அப்பச்சி கையில் ஒரு உறையோடு வந்து "யாருடா இந்தக் கப்பன்?" என்று கேட்டார்கள். அழ.ராம.அழகப்பன் என்று இருக்க வேண்டியது அழ.ராம.கப்பன் என்று அச்சாகியிருக்கிறது. பதறிப்போய்த் தேடினால் அரு.சுப.ணாசலம், லெ.சித.ட்சுமணன். நம் பக்கம் ஐயா பெயரைத்தானே மூத்த பேரனுக்கு வைப்பது, அதனால் இனிஷியலில் முதலில் நிற்பதும் சொந்தப் பெயரின் தொடக்கமும் ஒன்றாக இருக்கிற வீடுகள் நிறைய. அங்கெல்லாம் இந்த எல்ஸ்ட்ரிப் இனிஷியலை ஒரு தடவை எடுத்தது போதாதென்று பெயருக்குள்ளும் போய் எடுத்துவிட்டது.

என் கேள்வி இதுதான். இத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிற மொழி, அதனோடு சேர்ந்தே வருகிற ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இப்படி ஒரு பொறி இருந்தால் அதை ஆவணத்தில் கொட்டை எழுத்தில் போட வேண்டாமா?

செக்காலைச்சந்து:

போட்டிருக்கிறார்கள் தம்பி, அதுதான் வேடிக்கை. எல்ஸ்ட்ரிப்புக்கு நீங்கள் கொடுப்பது சொல் இல்லை, எழுத்துக் கூடை. கூடையில் கிடக்கிற எழுத்து எது முன்னால் நின்றாலும், எந்த வரிசையில் நின்றாலும் தள்ளிக்கொண்டே போகும், கூடையில் இல்லாத ஒன்று வந்தால்தான் நிற்கும். இப்படிக் கூடை கொடுக்கிற வசதி 2002-இல் வந்த 2.2.2 பதிப்பிலிருந்து இருக்கிறது, அன்றிலிருந்தே ஊரில் பாதிப்பேர் இதில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். கடைசியில் 2020 அக்டோபரில் வந்த 3.9-இல்தான் கொடுத்த சொல்லை அப்படியே முன்னாலிருந்து எடுக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ், பின்னாலிருந்து எடுக்க ரிமூவ்சஃபிக்ஸ் என்று இரண்டைச் சேர்த்தார்கள். அதற்கான முன்மொழிவு பெப் 616. அதைப் படித்தால், மக்கள் எல்ஸ்ட்ரிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு திரும்பத் திரும்பப் புகார் சொல்கிறார்கள் என்பதையே காரணமாக எழுதியிருப்பார்கள்.

இணைய ஆவணத்தில் எல்ஸ்ட்ரிப் பகுதியிலேயே 'முன்னொட்டு இல்லை, எழுத்துகளின் தொகுதி' என்று ஒரு வரி, 'ஒரே ஒரு முன்னொட்டை எடுக்க ரிமூவ்பிரிஃபிக்ஸைப் பார்க்க' என்று இன்னொரு வரி, கூடவே உதாரணமும் இருக்கிறது. நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

புள்ளிக்கணக்கு:

டெர்மினலில் ஹெல்ப் அடித்துப் பார்த்தேன் அண்ணே. என்னிடம் 3.12. அதில் இரண்டே வாக்கியம். முன்னால் உள்ள இடைவெளியை நீக்கிய பிரதியைத் தரும், எழுத்துகளைக் கொடுத்தால் அதற்குப் பதில் அவற்றை நீக்கும். ரிமூவ்பிரிஃபிக்ஸ் பற்றி மூச்சே இல்லை. நான் என்ன, மந்திரமா போட்டுத் தெரிந்துகொள்வது?

செக்காலைச்சந்து:

அப்படிச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்தது வேறு ஏடு.

இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்கு இரண்டு இடத்தில் விளக்கம் இருக்கிறது. ஹெல்ப் அடித்தால் வருவது டாக்ஸ்ட்ரிங், அது கோடுக்குள்ளேயே இருக்கும். எல்ஸ்ட்ரிப்புடையது சி மொழியில் எழுதிய யுனிகோட்ஆப்ஜெக்ட் என்ற கோப்பில் இருக்கிறது. இணையத்தில் நீங்கள் படிக்கிற லைப்ரரி ரெஃபரன்ஸ் அதிலிருந்து உருவானது கிடையாது. அதே கிட்ஹப் களஞ்சியத்தில் டாக் என்ற ஃபோல்டரில் தனியாக, மனிதர்கள் கையால் எழுதுகிற கோப்புகள் அவை. ஸ்ஃபிங்ஸ் என்ற கருவி அவற்றை வலைப்பக்கமாக்குகிறது (அந்தக் கருவியே முதலில் பைத்தான் ஆவணத்துக்காகத்தான் செய்யப்பட்டது, அதற்கு முன் லேடெக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள்). ஒருவர் இங்கே ஒரு வரி சேர்த்தால் அங்கே தானாகச் சேராது.

இப்படிப் பிரித்து வைத்ததற்கும் நியாயம் இருக்கிறது. கையால் எழுதுகிற ரெஃபரன்ஸில் எதை முதலில் சொல்வது, எதற்கு உதாரணம் போடுவது, எந்த ஃபங்ஷனை எதன் பக்கத்தில் வைப்பது என்று யோசித்து எழுதலாம். எந்தப் பதிப்பில் வந்தது, எதில் மாறியது, எதில் கைவிடப்பட்டது என்பதற்கெல்லாம் தனித்தனிக் குறி உண்டு, ஆக ஒரே பக்கத்தில் அந்த ஃபங்ஷனின் ஜாதகமே கிடைக்கும். டாக்ஸ்ட்ரிங் என்பது கையடக்கக் குறிப்பு, அதில் அவ்வளவையும் கொட்ட முடியாது.

நானும் சின்னச் சின்ன ஆவணத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். முதன்மைக் கிளைக்கு அனுப்பினால் போதும், அது ஏற்கப்பட்ட பிறகு பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளின் கிளைக்கும் ஒரு பாட் (தானாக ஓடும் நிரல்) எடுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். கோடில் கை வைத்தால் டெஸ்ட் உடைந்து கத்தும். வாக்கியத்தில் கை வைத்தால் எதுவும் கத்தாது, யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். மூன்று சொல் மாற்றத்துக்கு மூன்று வாரம் காத்திருந்ததும் உண்டு, குறையாகச் சொல்லவில்லை, பார்க்கிறவர்களும் பெரும்பாலும் சொந்த நேரத்தில்தான் பார்க்கிறார்கள்.

ஐந்தொகை:

ஓய்வு பெற்ற பிறகு பைத்தான் படிக்கிறவன் நான், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நான் கணக்கு எழுதிய இடத்தில் பகலில் சிட்டையில் எழுதியது ராத்திரிக்குள் பேரேட்டில் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் ஐந்தொகை போடும் அன்று இடிக்கும், எந்த ஏட்டில் தப்பு என்று விடிய விடியத் தேடுவோம். நீங்கள் சொல்கிற இரண்டு ஏட்டில் இடிப்பதற்கே வழியில்லையே? யாரும் இரண்டையும் கூட்டிப் பார்ப்பதில்லையே?

தேவகோட்டைக்காரி:

ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி.

நான் வேலையில் கோ மொழி எழுதுகிறேன். அங்கே ஒரே ஏடுதான். ஃபங்ஷனுக்கு மேலே எழுதுகிற கமென்ட்தான் ஆவணம், இணையப் பக்கம் அதிலிருந்தே உருவாகும். ரஸ்ட்டும் ஜாவாவும் இந்த வழிதான். இதே பொறி கோவிலும் இருக்கிறது, ட்ரிம்லெஃப்ட் என்ற பெயரில். ஆனால் அதன் கமென்டிலேயே 'முன்னொட்டை எடுக்க ட்ரிம்பிரிஃபிக்ஸைப் பயன்படுத்துக' என்று எழுதியிருக்கிறார்கள். டெர்மினலில் கோ டாக் அடித்தாலும் அந்த வரி வரும், இணையத்தில் பார்த்தாலும் வரும், எடிட்டரில் பெயர் மேல் மவுஸை வைத்தாலும் வரும்.

உதாரணத்தையும் அப்படித்தான் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எக்ஸாம்பிள் என்று தொடங்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி, கடைசியில் அவுட்புட் என்று கமென்ட் போட்டு எதிர்பார்க்கிற விடையை எழுதிவிட்டால், டெஸ்ட் ஓட்டும்போது அதையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கும். விடை மாறினால் டெஸ்ட் விழும். ஐயா சொன்ன ஐந்தொகை இடிப்பது இதுதான். பைத்தானிலும் 2001-இல் வந்த 2.1-இலிருந்தே டாக்டெஸ்ட் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் உதாரணத்தைத்தான் சரிபார்க்கும், உரைநடையில் எழுதியதை எந்தக் கருவி சரிபார்க்கும்?

இன்னொன்று. மனிதர்கள் படிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். பைத்தானுக்கு, கோடை ஓட்டாமலே தப்பைத் தேடுகிற ஃப்ளேக்8 பக்பேர் என்ற கருவியைப் போட்டுக்கொண்டால் பி005 என்ற விதி, ஸ்ட்ரிப்புக்குள் பல எழுத்துச் சரம் கொடுத்தாலே 'இது குழப்பும்' என்று பிடித்துக்கொள்ளும். கோவுக்கு ஸ்டாட்டிக்செக் என்ற கருவியில் இதே போல் ஒரு விதி, கூடையில் ஒரே எழுத்து இரண்டு தடவை இருந்தால், நீ இதைச் சொல் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது என்று சொல்லும். ஆனால் புள்ளிக்கணக்கு செய்த மாதிரி இனிஷியலை மாறியில் வைத்துக் கொடுத்தால் இரண்டுமே ஏமாந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புள்ளிக்கணக்கு:

ஆச்சி, கடைசி வரியில் அடித்துவிட்டீர்களே.

ஐந்தொகை:

இவ்வளவு பேர் விழுகிறார்கள் என்றால் பெயரையே மாற்றித் தொலைக்கலாமே? எதற்கு ஆவணம் எழுதி எழுதிக் காக்க வேண்டும்?

செக்காலைச்சந்து:

மாற்றினால் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறவர்களின் கோடெல்லாம் உடையுமே ஐயா. பங்காளிகள் இருபது பேருக்குப் பாத்தியதை உள்ள வளவு வீட்டில் ஒரு கதவை இடம் மாற்றிப் பாருங்கள், தெரியும்.

பைத்தானில் எதையாவது நீக்க வேண்டுமென்றால் பெப் 387 வகுத்த முறை இருக்கிறது, குறைந்தது இரண்டு பதிப்புகளாவது எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் எடுக்கலாம். 3.9 முதல் வருடத்துக்கு ஒரு பதிப்பு என்பதால் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அளவில் நடந்தது பெப் 594. 'பேட்டரியும் உள்ளேயே' என்று பெருமையாகச் சொன்ன லைப்ரரியில் செத்துப்போன பேட்டரிகளை எடுப்பது என்று அதற்குப் பெயர். சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், ஆடியோஆப் என்று 19 மாட்யூல். 2022-இல் வந்த 3.11-இல் எச்சரித்து, 2024 அக்டோபரில் 3.13-இல் எடுத்தார்கள். எடுத்ததற்குக் காரணம் அவை தப்பு என்பதில்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. லைப்ரரிக்குள் இருக்கிற ஒவ்வொரு மாட்யூலுக்கும் பாதுகாப்புக் கோளாறு வந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், ஆவணத்தைத் தூசி தட்ட ஒருவர் வேண்டும்.

எச்சரிக்கை கொடுத்தார்கள் என்கிறேனே, அதிலும் ஒரு கூத்து. டெப்ரிகேஷன் வார்னிங் நீங்கள் நேரடியாக ஓட்டுகிற கோப்பிலிருந்து வந்தால்தான் திரையில் தெரியும். உள்ளே எங்கோ ஒரு மாட்யூல் இம்போர்ட் செய்தால் இயல்பாக மறைத்துவிடும். கடைசிப் பயனருக்குத் தொல்லை வேண்டாம் என்று நல்லெண்ணத்தில் செய்தது.

ஆத்தங்குடிடைல்:

அந்தக் கூத்தில் மாட்டியவன் நான். எனக்குத் தெரிந்த ஒரு தங்கும் விடுதிக்கு அறை முன்பதிவுப் படிவம், யாரோ எப்போதோ சிஜிஐ (வலைப் படிவத்தில் நிரப்புவதை வாங்கிக்கொள்ள உதவும் பழைய மாட்யூல்) வைத்து எழுதியது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வர் வாடகைக்கு விடுகிறவர்கள் ஒருநாள் பைத்தானை 3.13-க்கு ஏற்றினார்கள், படிவம் படுத்துவிட்டது. கல்யாண சீசன். வார்னிங் எல்லாம் சர்வரின் எரர் லாகில் இரண்டு வருடமாகக் குவிந்து கிடந்திருக்கிறது, அதை யார் திறந்து பார்த்தார்கள்? அவசரத்துக்கு, வெளியார் எழுதும் பைத்தான் தொகுப்புகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் இருந்து, அதே மாட்யூலின் பிரதியான லெகசி-சிஜிஐ எடுத்துப் போட்டு ஓட்டினேன். வளவை இடித்த பிறகு அதே தேக்குத் தூணைப் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவில் போய் விலைக்கு வாங்கி வந்த மாதிரி இருந்தது.

ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். பழைய சிஜிஐ ஆவணப் பக்கத்தின் முகவரிக்குப் போனால் 'பக்கம் இல்லை' என்று முகத்தில் அடிக்காமல், 3.11-இல் கைவிட்டோம், 3.13-இல் எடுத்தோம், கடைசியாக 3.12-இல் இருந்தது, பழைய ஆவணம் இங்கே என்று நாலு வரி இருக்கிறது. அந்த நாலு வரி இல்லையென்றால் என் கோடில்தான் தப்பு என்று நினைத்து அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

அப்புறம் யுடிசிநவ், இப்போதைய நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் தருகிற ஃபங்ஷன். டைல் ஆர்டர் வந்த நேரத்தைப் பதிவு செய்ய டேட்டைமில் யுடிசிநவ் போட்டு, அதை டைம்ஸ்டாம்ப் என்ற ஒற்றை எண்ணாக ஆக்கி வைத்தேன். வீட்டு லேப்டாப்பில் காலை 10 மணி ஆர்டர் விடிகாலை 4:30 என்று காட்டுகிறது. கிளவுடில் ஏற்றினால் சரியாகக் காட்டுகிறது! யுடிசிநவ் தருகிற நேரத்தில் எந்த மண்டலம் என்ற தகவலே கிடையாதாம், டைம்ஸ்டாம்ப் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளுமாம். கிளவுட் கணினியின் உள்ளூர் நேரமே யுடிசி, அதனால் அங்கே தப்பு தெரியாது. நம் ஊரில்தான் ஐந்தரை மணி நேரம் விழுகிறது.

செக்காலைச்சந்து:

அதற்கும் ஆவணத்தில் எச்சரிக்கைக் கட்டம் போட்டுப் பார்த்தார்கள் தம்பி. போதவில்லை என்றுதான் 2023-இல் வந்த 3.12-இல் ஃபங்ஷனையே கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். நவ் என்பதற்குள் யுடிசி மண்டலத்தைக் கொடுத்து எழுதுங்கள்.

தேவகோட்டைக்காரி:

ஜாவாவில் டேட்டின் கெட்இயர் வருடத்திலிருந்து 1900-ஐக் கழித்துத் தரும். 1997-இல் வந்த 1.1-இலேயே கைவிடப்பட்டதாக எழுதிவிட்டார்கள், இன்னும் உள்ளே இருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளும் அதைப் பார்ப்பார்கள்.

புள்ளிக்கணக்கு:

சரி, குறை சொல்லியாயிற்று. நம் சனிக்கிழமை வகுப்புக்குத் தமிழில் லைப்ரரிக் குறிப்பு எழுதுகிறோமே, அதில் எல்ஸ்ட்ரிப்புக்கு நான் எழுதிப் பார்த்தது: 'எல்ஸ்ட்ரிப்: சரத்தின் முன்னால் உள்ள எழுத்துகளில், கொடுக்கப்பட்ட எழுத்துகள் அனைத்தையும் நீக்கும். உதாரணம்: அழ.அழகப்பன் மேல் அழ. என்று கொடுத்தால் கப்பன் மிஞ்சும். ஒரு முன்னொட்டை மட்டும் நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ்.' வெட்டுங்கள்.

ஆத்தங்குடிடைல்:

எனக்குப் புரிகிறது அண்ணே. போட்டுவிடலாம்.

செக்காலைச்சந்து:

போடக் கூடாது. 'எழுத்து' என்ற சொல் தமிழில் நம்மைக் கவிழ்க்கும். நமக்குக் கா ஒரு எழுத்து. பைத்தானுக்கு அது க ஒன்று, ஆகாரத்தின் கால் ஒன்று, மொத்தம் இரண்டு. காகம் மேல் எல்ஸ்ட்ரிப் போட்டு கா கொடுத்துப் பாருங்கள், கம் வரும் என்று நினைப்பீர்கள், வெறும் ம் வரும், ஏனென்றால் கூடையில் க தனியாகக் கிடக்கிறது. கீழச்சிவல்பட்டி மேல் வெறும் க கொடுங்கள், ஈகாரக் குறி பிடிக்க ஆளில்லாமல் புள்ளி வட்டத்தில் தொங்கும்.

காரைக்குடி என்ற பெயருக்கு நீளம் கேட்டால் பைத்தான் 10 என்கிறது, கோ பைட்டை எண்ணி 30 என்கிறது, ஸ்விஃப்ட் மொழிதான் நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி 5 என்கிறது. மூன்று ஆவணமும் அவரவர் கணக்குக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கின்றன. தமிழில் எழுதும்போது 'எழுத்து' என்று பொதுவாக விட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். நான் 'யுனிகோட் குறி' என்று எழுதுவேன். உண்மையான தமிழ் எழுத்தாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் நூலகத்தில் கெட்_லெட்டர்ஸ் இருக்கிறது என்று ஒரு வரியும் சேர்ப்பேன்.

தேவகோட்டைக்காரி:

'அனைத்தையும் நீக்கும்' என்பதும் வேண்டாம். நடுவில் இருப்பதையும் நீக்கும் என்று ஒருவன் படிப்பான். 'கூடையில் இல்லாத குறி வரும்வரை' என்று எங்கே நிற்கும் என்பதைச் சொல்லுங்கள். நிற்கிற இடத்தைச் சொல்லாத ஆவணம் ஆவணமே இல்லை.

ஐந்தொகை:

எனக்கு உதாரணத்தில்தான் சந்தேகம். அழ.அழகப்பன், கப்பன். இதை மட்டும் பார்க்கிற ஒருவன் என்ன நினைப்பான்? அழ என்ற முன்னொட்டு இரண்டு தடவை இருந்தது, இரண்டையும் எடுத்துவிட்டது என்றுதான் நினைப்பான். நானே அப்படித்தான் நினைத்தேன், செக்காலைத் தம்பி கூடை என்று சொல்லும்வரை. இந்தப் பட்டியலைத் தந்தவரும் முதல் பதிவில் அப்படித்தான் எழுதியிருக்கிறார், போய்ப் பாருங்கள்.

செக்காலைச்சந்து:

ஐயா, பிரமாதம். இணைய ஆவணத்தில் உள்ள உதாரணத்தை இப்போதுதான் மறுபடி பார்த்தேன். 'ஆர்தர்: த்ரீ!' என்று ஆங்கிலத்தில் ஒரு சரம், அதன் மேல் 'ஆர்தர்: ' கொடுத்தால் த்ரீ மிஞ்சாமல் ஈ இரண்டும் ஆச்சரியக்குறியும் மட்டும் மிஞ்சுகிறது. ஆர்தரின் ஆங்கில எழுத்துகளில் டி, எச், ஆர் இருப்பதால் த்ரீயின் தலையையும் தின்றுவிட்டது. முன்னொட்டு அங்கே ஒரு தடவைதான் வருகிறது, திரும்ப வரவே இல்லை. தப்பாகப் புரிந்துகொள்ள இடமே வைக்காத உதாரணம். நான் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், ஏன் இப்படி ஒரு கோணலான உதாரணம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

புள்ளிக்கணக்கு:

ஐயா எழுதியதைப் படித்ததும் வயிற்றில் புளி கரைத்தது. பட்டியலைத் திருத்தியபோது இனிஷியலும் பெயரும் ஒரே மாதிரி தொடங்குகிற வீடுகளை மட்டும்தான் தேடித் திருத்தினேன், மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது ரிமூவ்பிரிஃபிக்ஸ் போட்டு முழுப் பட்டியலையும் பழையதோடு ஒப்பிட்டேன். ராம.மாணிக்கம், ராம.ணிக்கம் ஆகியிருக்கிறது. ராம வேறு, மாணிக்கம் வேறு, ஆனால் கூடையில் ம-வும் காலும் இருக்கிறதே. இப்படி இன்னும் ஆறு பெயர்.

குறிப்பை மாற்றிவிட்டேன்: 'எல்ஸ்ட்ரிப்: கொடுத்த யுனிகோட் குறிகளில் ஏதாவது ஒன்று சரத்தின் தொடக்கத்தில் இருக்கும்வரை நீக்கிக்கொண்டே போகும், அவற்றில் இல்லாத குறி வந்ததும் நிற்கும். வரிசை பார்க்காது. ராம.மாணிக்கம் மேல் ராம. கொடுத்தால் ணிக்கம் மிஞ்சும். முன்னொட்டை நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ்.' அழகப்பனை எடுத்துவிட்டேன்.

ஏழு உறையில் நாலு ஏற்கெனவே தபாலில் போய்விட்டது. படைப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அந்த நாலு வீட்டுக்கும் அப்பச்சியும் நானும் நேரிலேயே போய் அழைத்துவிட்டு வருகிறோம்.